மூன்று இலை முத்திரை

தென்காசியில் அந்த நாளில் ஒரு பொருளை மட்டம் தட்ட அதிகம் பேச வேண்டியதில்லை. "ஜப்பான் சாமான்" என்று சொன்னால் போதும். சாவி கொடுத்தால் இரண்டு சுற்று ஓடி நின்றுவிடும் தகரக் குருவி, முதல் காற்றுக்கே கம்பி பிய்ந்துபோகும் குடை, எல்லாம் அந்தப் பெயரில்தான் கடைக்கு வரும். ஆகவே அறுபத்திரண்டாம் வருஷச் சீசனில் சிங்கப்பூர் மதார்சா கப்பலில் ஏற்றிவந்த ஜப்பான் காரில் ஊருக்கு வருகிறார் என்று தெரிந்ததும், ஊர் சிரிப்பதற்குத் தயாராகிவிட்டது. டாக்சி ஓட்டும் வீரபாகு, கயிறு ஒன்றை எடுத்து டிக்கியில் போட்டுக்கொண்டார். குற்றால ரோட்டில் மேலகரம் தாண்டுவதற்குள் கட்டி இழுக்க வேண்டியிருக்கும் என்பது அவர் முடிவு.

சிரிக்க முடியாமல் தவித்தவர் மைதீன் பிச்சை ஒருவர்தான். கார் அவருடைய தங்கை வீட்டுச் சம்பந்தக்காரர்களுடையது. தங்கை ஹைருன் பீவியின் புருஷனைச் சிங்கப்பூரில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவர்களும் ஜப்பான்காரர்கள்தான். இரண்டையும் ஒரே வாசலில் எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

டாக்சி ஸ்டாண்டுக்கே போய்விட்டார்.

"அண்ணாச்சி, கும்பிட்டுக் கேக்கேன். எந்தங்கச்சி காதுல ஜப்பான்னு மட்டும் விழுந்துரப்படாது. யாரு கேட்டாலும் சீமைக் கார்னு சொல்லிருங்க."

"அதுக்கென்ன, பேர்தானே! பேரை மாத்தினா வண்டி மலையேறிருமாக்கும்?" என்றார் வீரபாகு.

ஹைருன் பீவியின் புருஷன் பேர் பரீது. மாமனார் வீட்டுத் தறியில் நெய்துகொண்டிருந்தவர். பிழைப்புக்காகப் பெண்டாட்டியோடு கப்பலேறி, நம் ஊர்க்காரர்கள் மொத்தமாகக் குடியிருந்த தஞ்சோங் பகாரில் போய் இறங்கினார். சண்டை வந்தது. குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் தண்ணீர்கூட ஊற்றவில்லை, ஒரு காலையில் லாரி வந்து நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தெருவோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். பரீது திரும்பவில்லை. செத்துப்போனதைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் இல்லை.

கைக்குழந்தையோடு ஊர் வந்த ஹைருன் பீவி தாலியாகக் கழுத்தில் கிடந்த கருகமணியைக் கழற்றவில்லை. அவள் பிடிவாதக்காரி என்று சில பேர் சொன்னார்கள். பிடிவாதமெல்லாம் ஒன்றும் இல்லை, எந்தத் தேதியில் கழற்றுவது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். புருஷன் மவுத்தானால் பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாசம் பத்து நாள், வீட்டோடு இருந்து, பூ வைக்காமல், மருதாணி போடாமல், வெளியாட்களைப் பார்க்காமல் துக்கத்துக்கென்றே இருக்கிற காலம். அது முடிந்ததும் பெண்கள் கூடிக் குளிப்பாட்டி வெளியே அழைத்துவருவார்கள். ஹைருன் பீவியை யாரும் உள்ளேயும் உட்கார வைக்கவில்லை, வெளியேயும் அழைத்து வரவில்லை. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் கூப்பிடலாமா கூடாதா என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவளாகவே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

முதலில் கொஞ்ச வருஷம் அழுதாள். பிறகு எப்போதோ அழுகை நின்றுவிட்டது. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், யாராவது அவர் பேச்சை எடுத்தால் அடுத்த தெருச் சங்கதி போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை என்பது ஒன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. நாளாவட்டத்தில் அந்தப் பயமும் போய்விட்டது.

இப்போது மகள் சுல்தான் பீவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மசூது, மதார்சாவின் அக்காள் மகன், சிங்கப்பூரில் அதே ஜப்பான் கம்பெனிக் கார் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். எல்லாம் பேசி முடிந்து, பத்திரிகை அடிப்பதில் வந்து நின்றது. மணமகளின் தகப்பனார் பேருக்கு முன்னால் "மர்ஹூம்" போடவா வேண்டாமா என்று அச்சாபீஸ்காரர் கேட்டுவிட்டார். இறந்தவர் பேருக்கு முன்னால் போடுகிற சொல் அது.

"நீ சொல்லுட்டி, அடிக்கச் சொல்லுதேன்" என்றார் மைதீன் பிச்சை.

"எனக்குத் தெரிஞ்சால்ல சொல்லுததுக்கு? உயிரோட இருக்காரோ என்னமோ. என் வாயால அவரைக் கொல்லச் சொல்லுதீயளா?"

"போடலைன்னா, பொண்ணுக்கு அத்தா எங்கன்னு சபையில கேப்பானே!"

"கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."

அச்சாபீஸில் எழுத்துக் கோத்து, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கார் வந்தது. பச்சை நிறம், சின்னதாக, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. பெண் வீட்டுக்காரர்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மதார்சாவுக்கு ஆசை. ஹைருன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காரின் மூக்கில் வட்டத்துக்குள் மூன்று இலை போட்ட ஒரு முத்திரை இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றாள்.

"கினோசி" என்றாள்.

மைதீன் பிச்சைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சீமைக் கார்ட்டி இது. இங்கிலாந்து!"

"சீமைக்காரனுக்கு நம்ம வீட்டுத் தறி முத்திரை எதுக்கு?"

அவர் மறந்தே போயிருந்தார். அவர்களுடைய அத்தா மதுரையிலிருந்து ஒரு பழைய இரும்புத் தறியை வாங்கிவந்திருந்தார், ஜப்பானில் செய்தது. தென்காசியில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. அதன் பக்கவாட்டில் கினோசி கம்பெனியின் இதே முத்திரை. பரீதுதான் அதில் நெய்வார். காலையில் உட்காருவதற்கு முன் தோளில் கிடக்கிற துண்டால் அந்த மூன்று இலையை ஒரு துடை துடைப்பார். ஊரெல்லாம் போய்க் காலில் விழுந்து மறைத்த சங்கதி, காரின் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மைதீன் பிச்சை முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் ஹைருன் பீவியும், அவளுக்கு மைனியான அவர் சம்சாரமும்.

மேலகரம் ரோட்டில் சாரல் அடித்தது. வீரபாகு தன் டாக்சியோடும் கயிற்றோடும் பின்னாலேயே வந்தார்.

"அக்காவுக்குக் கம்பெனி பேர் தெரிஞ்சிருக்கே!" என்றார் மதார்சா. பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "ஆதியில தறி செஞ்ச கம்பெனிதான்க்கா. தறி வித்த காசுலதான் மோட்டார் செய்ய ஆரம்பிச்சான். அப்புறம் சண்டை வந்துட்டு, பட்டாளத்துக்கு லாரி. தோத்து எல்லாம் சாம்பலாப் போன பொறவு, சட்டி பானை செஞ்சுகூட வித்திருக்கான்னா பாருங்களேன். முதல் முதல்ல சின்னக் கார் வந்தப்ப சிங்கப்பூர்ல ஒருத்தன் தொடலை. தகரம்னான், சண்டைக்காலத்தை நினைச்சுக் காறித் துப்பினான். டாக்சிக்காரன்தான் துணிஞ்சு வாங்கினான். வண்டி ரிப்பேர்னு நிக்கலை. இப்ப அந்தத் துப்பினவனே வந்து, எனக்கு எப்ப வரும்னு கேட்டு நிக்கான்."

"நீங்க எங்கன படிச்சீய, இந்த மோட்டார் வேலைய?" என்று கேட்டாள் ஹைருன் பீவி.

மைதீன் பிச்சை இருமினார். மதார்சா கொஞ்சம் தயங்கினார்.

"சயாம்லதான்க்கா. பதினேழு வயசு. லாரி ஓட்ட விட்டாங்க."

"அங்கன பரீதுன்னு யாரும்?"

"சம்பந்தம் பேசின அன்னையிலேருந்து நானும் யோசிச்சுப் பாக்கேன். அந்தப் பேர்ல யாரும் ஞாபகத்துக்கு வரலை. அங்க யாரு பேரு யாருக்குத் தெரியும்? சமையக்காரரு, நொண்டி மாமா, இப்படித்தான் கூப்பிடுவோம்."

அவள் "சரி" என்றாள். கேள்வி கேட்டுப் பதில் வராமல் போவது அவளுக்குப் பழகியிருந்தது.

ரோடு ஏறத் தொடங்கியது. கார் முனகாமல் ஏறியது. அந்தப் பெருமையில் மதார்சாவின் நாக்கு மறுபடி அவிழ்ந்துகொண்டது.

"இது தறி செஞ்ச கம்பெனின்னு எனக்குச் சொன்னது யாருங்கீய? ஜப்பான்காரன் இல்ல, நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர்தான். வந்த புதுசுல என் லாரி முன்னால வந்து நின்னாரு. இதே மூணு எலை. தோள்ல கிடந்த துண்டை எடுத்து அதைத் துடைச்சுட்டு, 'ஏலே, இது எங்க மாமனார் வீட்டுத் தறியில்லாலே'ன்னாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். லாரியைப் பார்த்துத் தறிங்காரேன்னு. அதுலேருந்து அவரு பேரே தறிக்காரர்தான். தெனம் காலையில வந்து ஒரு துடை துடைச்சிட்டுத்தான் மண்ணு வெட்டப் போவாரு. மகளுக்கு நாப்பது கழியும் முன்னாடி வந்துட்டேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

மதார்சாவுக்கு இன்னும் உறைக்கவில்லை.

"பொறவு?" என்றாள் ஹைருன் பீவி.

"காலரா வந்துட்டுக்கா. நோன்புப் பெருநாள் கழிஞ்ச மூணாம் நாள். இந்த மூணு எலை போட்ட லாரியிலதான் கொண்டுபோனோம், நான்தான் ஓட்டினேன். நம்மாளுங்க நாலஞ்சு பேர் நின்னு தொழ வச்சு..." அப்போதுதான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

பின்னால் வீரபாகு ஹாரனை விடாமல் அடித்தார். நின்றது ஜப்பான் சாமான்! டாக்சியை நிறுத்திவிட்டுக் கயிறும் கையுமாக இறங்கியே விட்டார்.

"நிறுத்தண்டாம், போங்க" என்றாள் ஹைருன் பீவி. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கார் கிளம்பியது. வீரபாகு கயிற்றோடு ரோட்டில் நின்றார்.

அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம். மைனி அவளைக் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். இத்தனை தண்ணீரும் மண்டையில் விழுந்தால் ஏதாவது உடைந்து அழுகை வரும் என்று மைனி நினைத்திருக்க வேண்டும். ஹைருன் பீவியும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். தண்ணீர் யார் தலையிலோ விழுந்துகொண்டிருந்தது. குளிர்ந்ததும் வெளியே வந்து துணி மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கருகமணியைக் கழற்றி, தலைமாட்டுப் பெட்டியில் வைத்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நாளையிலேருந்து நான் இத்தா இருக்கேன். நாலு மாசம் பத்து நாளும். கல்யாணத்தை அது வரைக்கும் தள்ளி வைக்கலாமான்னு பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட கேட்டுட்டு வாங்க."

அவள் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. அவள் கேட்டது பெரிய சங்கதியும் இல்லை. ஒரு அறை, ஒரு பாய், துக்கப்பட ஒரு தவணை. அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தால் எல்லாம் வந்துவிடும் என்று அவள் நம்பினாள். இத்தனை வருஷமாக வராததெல்லாம் அங்கே வந்து காத்திருக்கும் என்று நினைத்தாள். சாமான்களை எடுத்து வெளியே வைத்து, அறையைப் பெருக்கி, பாயை உதறி விரித்தாள்.

மைதீன் பிச்சை பள்ளிவாசலிலிருந்து சிரித்த முகத்தோடு திரும்பினார்.

"நல்ல வேளைட்டி! நீ ஒன்னும் இருக்கண்டாம். இத்தா மவுத்தான அன்னையிலேருந்து கணக்காம், நமக்குத் தெரிஞ்ச அன்னையிலேருந்து இல்லையாம். உனக்கு எப்பவோ முடிஞ்சிட்டு. கல்யாணத்தை வச்ச தேதியில நடத்தலாம், நீயும் தாராளமா முன்ன நிக்கலாங்காரு."

"எப்ப முடிஞ்சிச்சாம்?"

"அந்த நோன்புப் பெருநாள் மூணாம் நாள்லேருந்து நாலு மாசம் பத்து நாள். ஹஜ்ஜுப் பெருநாளெல்லாம் கழிஞ்ச பொறவு. எதுக்குட்டி அது இப்ப? பழைய கதை."

அவள் பாயில் உட்கார்ந்தாள். ஹஜ்ஜுப் பெருநாள். அந்த வருஷத்து ஹஜ்ஜுப் பெருநாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாதை முடிந்துவிட்டது, போனவர்களெல்லாம் பெருநாளுக்கு வந்துவிடுவார்கள் என்று தஞ்சோங் பகார் முழுக்கப் பேச்சு. அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் பெருநாள் சாப்பாடு. ஆனாலும் பக்கத்து வீட்டு மலாய்க்காரியின் வேலியிலிருந்து மருதாணி பறித்து வந்து அரைத்தாள். இரண்டு உள்ளங்கையிலும் அப்பிக்கொண்டாள். குழந்தை அந்தக் கையைப் பிடித்து இழுத்தபோது சத்தமாகச் சிரித்தாள். கல்யாணப் புடவையை உடுத்தி, பூ வைத்துக்கொண்டு, லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். அவள் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்த பெருநாள் அது. அது இத்தாவுக்குள் இருந்திருக்கிறது.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிடுங்கிக்கொண்டது. வலித்தது. நிஜமாகவே வலித்தது.

"அப்ப அச்சாபீஸுக்குப் போய்ச் சொல்லிருங்க. போடச் சொல்லுங்க" என்றாள். மைதீன் பிச்சை செருப்பை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார்.

மருதாணி எப்படிச் சிவக்கிறது என்று பார்ப்பதற்காகச் சுல்தான் பீவி அடுப்படியில் அரைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் விரலில் எடுத்துக்கொண்டு வந்து, அம்மா முன்னால் குந்தினாள். "ஹஜரத்தே சொல்லிட்டாரே. இனி என்ன? கையை நீட்டுங்கம்மா, முதல்ல உங்களுக்கு வச்சுப் பாக்கேன்."

ஹைருன் பீவி இரண்டு கையையும் மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே வச்சாச்சு" என்றாள்.