கட்டுரையின் எழுதாத பாதி

மானுடவியல் படித்தவன் பழிவாங்கக் கிளம்பினால் கத்தி கபடா எதுவும் வேண்டாம், உறவுமுறை ஒன்றே போதும். இதை என் ஆராய்ச்சி முடிவாகவே சொல்வேன். என்னுடைய மற்ற முடிவுகளுக்கு இந்த அளவு ஆதாரம் கிடையாது.

சென்னையில் எம்.ஏ. படித்தபோது, எங்கள் பாறசாலைப் பக்கத்தில் யார் யாரை எந்த முறை சொல்லி அழைப்பது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வேற்று ஆள் ஒருவன் ஒரு வீட்டில் 'மாமா' என்று கூப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் அவன் அந்த வீட்டு மருமகன். முதல் பாதி இதுதான். நான் காய்ச்சலில் படுத்திருந்த சமயம், அறைத்தோழன் சபாபதி அதை எடுத்துப்போய்த் தன்னுடையது என்று வகுப்பில் வாசித்துக் கைதட்டல் வாங்கினான். புகார் சொல்லலாம்தான். ஆனால் எனக்கு நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவனுக்கோ நெற்றியில் அலையடிக்கும் கிராப்பு உண்டு. யாரை நம்புவார்கள்?

எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஐம்பத்துநாலில் ஒரு வேலை வந்தது. எல்லைக் கிராமத்து மக்களின் நிலையை ஆராயும் திட்டத்தில் ஓர் உதவியாளர். எங்கள் படிப்பை நம்பிச் சம்பளம் தர முன்வந்த முதல் புண்ணியவான்கள். பேராசிரியர் எங்கள் இருவரையும் பாறசாலைக்கு அனுப்பினார். "ஊர் யாரிடம் மனம் திறக்கிறது என்று நேரில் வந்து பார்ப்பேன். அவனுக்குத்தான் வேலை. தாணுலிங்கம், உன் ஊர்தானே, சபாபதிக்குத் துணையாக இரு" என்றார். என் கட்டுரையைத் திருடியவனுக்கு என் ஊரில் நான் வழிகாட்டி! சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உள்ளே பல் நறநறவென்றது.

அப்போது ஊரில் அந்நிய முகத்தைக் கண்டாலே ரகசியப் போலீஸ் என்றுதான் நினைப்பார்கள். முதல் நாள் சபாபதிக்கு ஒரு வீட்டிலும் வாசல் தாண்ட முடியவில்லை.

"என்னப்பா தாணு, எல்லாரும் கதவைச் சாத்தறாங்களே?"

"மாமா, மாமின்னு கூப்பிட்டுப் பாரு. கட்டுரை வாசிச்சவன்தானே நீ" என்றேன்.

அவனை நேரே கைலாசநாத பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். யோசித்துத் தேர்ந்த வீடு. பிள்ளை படுத்த படுக்கை, பிள்ளை குட்டி இல்லை. மனைவி ஆனந்தவல்லியின் அண்ணன் மகன்தான் ஒரே மருமகன். அவனும் போராட்டத்தில் கைதாகிச் சிறையில் இருந்தான். நான் உள்ளூர்க்காரன், விவரம் தெரியும். சிறுவயதிலிருந்தே அவரை 'மாமா' என்னாமல் ஜாக்கிரதையாகப் 'பிள்ளைவாள்' என்றே அழைத்துவந்தவன்.

"ஆருலே இது? போலீசா?" என்றாள் ஆனந்தவல்லி.

"சே, எனக்குத் தம்பி முறை ஆக்கும். நம்பலாம்" என்றேன்.

"மாமா!" என்று உருகினான் சபாபதி. கிழவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வந்தன. எனக்கும் ஒரு தட்டு. பகை வேறு, மீன்கறி வேறு.

அதன்பின் தினமும் அங்கேதான் சாப்பாடு. மருமகன் சொன்னால் சரி என்று ஊரே அவனிடம் பேசத் தொடங்கியது. வேலை அவனுக்குத்தான் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான். நான் காத்திருந்தேன். கட்டுரையின் மறுபாதி கடமைகளைப் பற்றியது. மகன் இல்லாத வீட்டில் மருமகன் மொட்டையடித்துக் கொள்ளி வைக்க வேண்டும். அந்தப் பாதியை நான் எழுதியிருக்கவில்லை. திருடனுக்கு என்ன அவசரமோ!

பேராசிரியர் வரவேண்டிய நாளன்று விடியும்போது பிள்ளை போய்ச் சேர்ந்தார். அன்று கடையடைப்பு, பஸ் இல்லை. நெய்யாற்றின்கரையில் தங்கியிருந்த பேராசிரியர் யாருடைய சைக்கிளின் பின்னாலோ தொற்றிக்கொண்டு வேர்த்து வழிய வந்து இறங்கினார். முற்றத்தில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"மருமகன் வந்து இரிக்கட்டு" என்றார் நாவிதர்.

ஊரே சபாபதியைப் பார்த்தது. அவன் கை தானாகக் கிராப்புக்குப் போயிற்று. அந்தக் காட்சிக்காகவே நான் எம்.ஏ. படித்தேன் என்றால் மிகையில்லை.

"எதுக்கு?"

"மொட்டைக்கு. கொள்ளி வைக்கண்டாமா?"

அவன் என் பக்கம் திரும்பி அலறினான். "டேய் தாணு! உன் கட்டுரையில இது இல்லையேடா!"

பேராசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "யார் கட்டுரையில்?"

சபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆயிரம் பேர் முன்னால் நான் திக்காமல் பேசியிருந்தாலும் இத்தனை அழகாக நிரூபித்திருக்க முடியாது. செத்த வீடென்று பார்க்காமல் எனக்குச் சிரிப்பு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஆனந்தவல்லி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"கரையாதே மக்கா. நீ வந்து இரி."

"நானா? நான் எதுக்கு மாமி?" பதற்றத்தில் இத்தனை வருட ஜாக்கிரதை பறந்துவிட்டது.

"இவன் உனக்குத் தம்பின்னு நீதானே சொன்னே? தம்பி மருமகன்னா அண்ணனும் மருமகன்தான். ரெண்டு பேரும் இங்கதானே கை நனைச்சிய. மூத்தவன் நிக்கும்போ இளையவன் கொள்ளி வைக்கது எந்த ஊரு நியாயம்?"

நியாயம்தான். மறுபாதியில் நானே எழுதியிருக்க வேண்டிய நியாயம்.

சபாபதியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பலகையைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டான். "உட்காருங்க அண்ணா" என்றான். அந்த 'அண்ணா'வில் இருந்த விஷம் ஒரு படி தேறும்.

உட்கார்ந்தேன். தலையோடு, நான் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த மீசையும் போயிற்று.

கொள்ளிச்சட்டியோடு முன்னே நடந்தேன். நல்ல வெயில். புது மொட்டை தகித்தது. இளைய மருமகன் என்று, என் தலைக்குப் பிடிக்கச் சபாபதி கையில் குடையைக் கொடுத்திருந்தார்கள். பேராசிரியர் என் பக்கமாக வந்து, "மீதிப் பாதியை எழுதிக்கொண்டு வேலையில் வந்து சேர்" என்றார் தாழ்ந்த குரலில். சபாபதியைப் பார்க்கவே இல்லை.

சிதையருகே கிழவரின் முகத்தைக் கடைசியாகக் காட்டினார்கள். இருபது வருடம் 'பிள்ளைவாள்' என்று தள்ளி நிறுத்திய முகம். அப்போது வந்த அழுகைக்குத் துண்டு தேவைப்படவில்லை. பக்கத்தில் சபாபதியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அதற்காக மன்னித்துவிட முடியுமா?

"எலே, குடையை நேரே பிடி. மண்டை பொசுங்குது" என்றேன்.