குலுக்கிய டப்பா

1

இந்தக் கதைக்கு மூலம் கற்பனை அல்ல, என் வலது கை. டப்பாவைக் குலுக்கிய கை.

விளம்பரம் அச்சடித்த வினைல் பிளாஸ்டிக் ஷீட்டின் மையை வெயிலும் மழையும் தின்றுவிடாமல் இருக்க, அதன்மேல் ஒரு திரவத்தை ரோலரால் பூசுவார்கள். லிக்விட் லேமினேட் என்று பெயர். அதைக் குச்சியால் மெல்லக் கலக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். விளம்பரப் பலகைக் கடை வைத்திருக்கும் என் மனைவிக்கு இது தெரியும். எனக்கும் தெரியும், இப்போது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அவன் டப்பாவைக் குலுக்கினான். அவன் கண்களில் ஒரு...’

(அவனாவது இவனாவது. பழியை ஓர் அப்பாவியின் தலையில் கட்டப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

நான்தான் குலுக்கினேன். ஐஸ்கிரீம் வண்டியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டிய ஷீட் அது. ஆளுயர ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம். பூசியதும் பால் கொட்டியதுபோல வெளுத்துவிட்டது. காய்ந்தால் தானே தெளியும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. எழுதுகிறவன் எங்கே வாசிக்கிறான்? பதறிப்போய், பாதி காய்ந்ததன்மேல் மறுபடி உருட்டினேன். திருப்தியில்லாமல் இன்னொரு தடவை. காய்ந்து முடிந்தபோது, குமிழ் குமிழாக, ஐஸ்கிரீமுக்கு அம்மை போட்டிருந்தது.

3

இந்த இடத்தில் மனைவி கத்துவதாக ஒரு பத்தி எழுதினேன். என் வாழ்நாளின் சிறந்த பத்தி. அவள் கத்தவில்லை என்ற அற்பக் காரணத்துக்காக எடுக்க வேண்டியதாயிற்று.

ஷீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புதிதாக ஒன்றை அச்சுக்குக் கொடுத்தாள். மை ஆற ஒரு நாள் ஆகும் என்பதால், வண்டிக்காரரைப் போனில் அழைத்து நாளை மறுநாள் வரச் சொன்னாள். அவர் காரணம் கேட்டார் போலிருக்கிறது.

“கடையில ஒரு எழுத்தாளர் இருக்காருங்க,” என்றாள்.

அவர் அனுதாபப்பட்டது எனக்கே கேட்டது.

பத்திரிகை வேலை போன பிறகு, இரண்டு வருடமாக இங்கே ஒத்தாசைக்கு வருகிறேன். ஒத்தாசையா உபத்திரவமா என்று நான் கேட்கும்போதெல்லாம் டீ குடித்தேனா என்று விசாரிப்பாள், அல்லது கைக்குள்ளேயே இருக்கும், ஷீட் வெட்டும் பிளேடைத் தேடுவாள். பாவம் பார்த்துத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாளோ? (சிரிக்காதீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் விளையாட்டுக்கு எழுதவில்லை.)

4

முடிவு அ: வண்டிக்காரருக்குக் குமிழ்கள் பிடித்துப்போகின்றன. ஊரில் எல்லோரும் குமிழ் வைத்த பலகைதான் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறார்கள். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: ஒரு வார்த்தை பேசாமல் கடையை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறேன். மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டதால் ஐந்து நிமிடத்தில்...

முடிவு இ: நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

...............................

5

மன்னிக்கவும், விட்ட இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பேனா தேடுவதற்குள் மனைவி வந்து, காகிதத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து அந்தப் புள்ளிகள்வரை நின்றபடியே படித்துவிட்டாள். இரண்டு இடங்களில் சிரித்தாள். மூன்றாம் பகுதியில் சிரிக்கவில்லை.

“நேரா சொல்லு. நான் கடைக்கு வரணுமா, வேண்டாமா?” என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவள் பிளேடைத் தேடவில்லை.

“வேலைக்குன்னா வேண்டாங்க. நீங்க ஒரு நாள் செஞ்சா எனக்கு ரெண்டு நாள் வேலை. ஆனா நீங்க வராத அன்னைக்கு, நான் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். வாங்க. வந்து எதையும் தொடாம, பேசிக்கிட்டே உக்காந்திருங்க.”