பி லைன் ஜீரோ

என் அண்ணன் ஜீவா இறந்தது மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு. நிமிடம்வரை எனக்குத் தெரியும். அந்த நேரத்தைப் பதிவு செய்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

கள்ளக்குறிச்சி பைபாஸில் ஜன்னலே இல்லாத சாம்பல்நிறக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அதைக் கம்ப்யூட்டர் குடோன் என்பார்கள். உள்ளே வரிசை வரிசையாக சர்வர்கள். யாருடைய கணக்குகள், யாருடைய படங்கள் அதில் இருந்தன என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வேலை அவற்றுக்குக் கரண்ட் நிற்காமல் பார்த்துக்கொள்வது.

ஜீவா ஐ.டி.ஐ. முடித்த வயர்மேன். நான் டிப்ளமோ. எந்த லைனில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று மீட்டர்கள் அனுப்பும் எண்களைத் திரையில் பார்ப்பது என் வேலை. "நீ ஏசில ஒக்காந்துகினு கணக்கு பாரு. நான் கூரைக்குள்ள பல்லி மாதிரி ஊர்ந்துகினு இருக்கேன்," என்பான். "பல்லிக்கு இவ்ளோ தொந்தி இருக்காதுண்ணா," என்பேன். களமருதூரிலிருந்து ஒரே வண்டியில்தான் போய் வருவோம்.

ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு லைன் உண்டு, ஏ, பி என்று. சர்வர்கள் இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளும். ஒன்று போனால் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும். அதனால் சாதாரண நாளில் ஏ முப்பத்தெட்டு கிலோவாட் காட்டினால் பி-யும் முப்பத்தெட்டுதான் காட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தப்பு ஐந்து மாதம் வெளியே தெரியாமல் கிடந்ததற்கு இதுதான் காரணம்.

அக்டோபரில் கல்வராயன் மலைப்பக்கம் இடிமழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், நான்காம் வரிசையின் மீட்டர் கருகிவிட்டது. லைன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் புது மீட்டர் வந்தது. கூரைக்குள்ளிருந்து ஒரே குழாய் வழியாக இரண்டு கட்டு ஒயர் இறங்கும். ஒரு கட்டு ஏ லைனை அளப்பது, மற்றது பி லைனை. இரண்டும் கறுப்பு. நுனியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் எண்கள் மீட்டரோடு சேர்ந்து உருகிப்போயிருந்தன.

எது எந்தக் கட்டு என்று கண்டுபிடிக்கச் சரியான வழி, ஒரு லைனை நிறுத்திவிட்டு எது பூஜ்யம் ஆகிறது என்று பார்ப்பது. அது அங்கே நடக்காது. நிறுத்த வேண்டுமென்றால் வாடிக்கையாளருக்குப் பதினைந்து நாள் முன்பே எழுத வேண்டும். மேற்பார்வையாளர் தங்கதுரை, "அதெல்லாம் நம்மளால ஆவாது. சாயங்காலத்துக்குள்ள நம்பர் வரணும்," என்று சொல்லிவிட்டார்.

ஜீவா ஏணியில் ஏறிக் கூரைக்குள் தலையை விட்டான். நான் கீழே குழாயின் வாயில் இரண்டு கட்டுகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏ கட்ட இழுக்குறேன் பாப்பா. எது ஆடுதுன்னு பாரு."

குழாய் குறுகலானது. ஒன்றை இழுத்தால் இரண்டும் அசைந்தன. ஒன்று கொஞ்சம் அதிகமாக அசைந்ததுபோல இருந்தது.

"இதாண்ணா."

"கரெக்டா?"

"கரெக்ட்டுண்ணா. எறங்கு."

அந்தக் கட்டில் ஏ என்று எழுதி ஒட்டினேன். மீட்டரில் பொருத்தினோம். திரையில் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று இரண்டும் வந்தன. படிவத்தில் "லைனை நிறுத்திச் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் செய்து என் பெயரை எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

மார்ச்சில் நான்காம் வரிசையின் பி லைனில் ஓர் இணைப்பு சூடாவது தெரிந்தது. இந்த முறை முறைப்படி எழுதி, பி லைனை ஒரு மணி நேரம் நிறுத்த அனுமதி வாங்கினார்கள். தங்கதுரை கீழே, லைன்களை நிறுத்தும் பிரேக்கர் அறைக்குப் போனார். அன்று இரண்டாவது ஷிஃப்டைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஜீவா மேலே ஏணியில். நான் திரைக்கு முன்னால், கையில் வாக்கி-டாக்கியோடு.

"பி எறக்கிட்டேன்," என்றார் தங்கதுரை.

திரையில் பி என்ற எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஏ எழுபத்தாறுக்கு ஏறியது. எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தது.

ஜீவாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கை வைக்கும் முன் இணைப்புப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிப்பான். "வரிசை நாலு. பி. செவப்பு ஸ்டிக்கரு. எட்டு ஸ்குரு. இன்னா பாப்பா, தொறக்கலாமா?"

"பி லைன் ஜீரோண்ணா. தொற."

மூடியைத் திறந்தால்தான் உள்ளே டெஸ்டர் வைக்க முடியும். மூடியைத் திறக்க என் வார்த்தை போதும். அதுதான் அங்கே முறை.

ஏழு நிமிடம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் லாரி டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம் வந்தது. திரையில் ஏ பூஜ்யமானது. வரிசை முழுவதும் இருண்டது. நான் ஓடினேன். அங்கே பார்த்ததை எழுதப்போவதில்லை. வெடித்த அந்த நொடியிலேயே உயிர் போய்விட்டது என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கம்பெனியின் அறிக்கை மூன்றாம் வாரம் வந்தது. பதிவின்படி பி லைன் பதினொன்று நாற்பத்திரண்டுக்கே நிறுத்தப்பட்டுவிட்டது. அதே பதிவின்படி விபத்தில் நின்றுபோனது ஏ லைன். ஆகவே இறந்தவர் கவனக்குறைவால் பக்கத்திலிருந்த ஏ லைன் பெட்டியைத் திறந்திருக்கிறார். வெடிப்பில் இரண்டு மூடிகளும் தெறித்துவிட்டதால் அதை மறுக்க யாரிடமும் ஒன்றுமில்லை.

என்னிடம் இருந்தது. அவன் படித்தது என் காதில் இருந்தது. சிவப்பு ஸ்டிக்கர், பி. சரியான பெட்டியைத்தான் திறந்தான். அப்படியானால் பி-யில் கரண்ட் இருந்திருக்கிறது. திரையில் பூஜ்யம் காட்டியது ஏ-யாக இருக்க வேண்டும். கட்டுகள் மாறியிருக்கின்றன. தங்கதுரை கைதவறி ஏ-வை இறக்கியிருக்கிறார். அந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கத்தான் மீட்டரே இருக்கிறது. என் தவறு அவர் தவறை மூடிவிட்டது.

இதை நான் உடனே சொல்லவில்லை. இரண்டு வாரம் சொல்லவில்லை.

அப்பா முனியன் கரும்பு வெட்டப் போகிறவர். டீக்கடையில் யாரோ அறிக்கையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "எம்மா, அவன் கொளத்துல எறங்கறதுக்கே கால வெச்சிப் பாத்துதான் எறங்குவான். அவனா மாத்தித் தொறந்தான்?"

"தெரியலப்பா," என்றேன்.

தங்கதுரைக்கும் தெரிந்திருந்தது. வரிசை இருண்டதும் கரண்டைத் திருப்பிப் போட அவர் ஏற்றிய பிரேக்கர் எது என்று அவருக்குத் தெரியாதா? கேட்டுக்கு வெளியே ஒருநாள் என்னை நிறுத்தினார். "சும்மா இரும்மா. செத்தவன் பேர்ல போனா ஆருக்கும் கெடுதல் இல்ல. தோண்டுனா நீயும் உள்ள, நானும் உள்ள. உங்க அம்மா ரெண்டு புள்ளையும் இழக்கணுமா?"

அவர் மிரட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. கெஞ்சினார். அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள், விபத்தை விசாரித்துக்கொண்டிருந்த அரசு மின் ஆய்வு அதிகாரி அரங்கநாதனின் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "நீ அவரோட தங்கச்சி. அண்ணன் பேரக் காப்பாத்த இதச் சொல்றன்னு அவங்க சொல்வாங்க. காட்ட முடியுமா?" என்றார்.

முடியும் என்றேன். வியாழக்கிழமை அவர் கட்டடத்துக்கு வந்தார். இரண்டு லைனையும் அதற்குள் சரிசெய்து ஓடவிட்டிருந்தார்கள்; மீட்டரை மட்டும் யாரும் தொடவில்லை. சென்னையிலிருந்து கம்பெனி ஆள் ஒருவரும் வந்திருந்தார். "எந்த லைனையும் ஒரு நொடிகூட நிறுத்த அனுமதிக்க முடியாது சார்," என்றார் வந்ததுமே.

"எதையும் நிறுத்த வேணாம் சார்," என்றேன். பேண்ட்ரியில் வெந்நீர் போடும் எலக்ட்ரிக் கெட்டிலை எடுத்துவந்தேன். நான்காம் வரிசையில் காலியாக இருந்த ஒரு ரேக்கில், பி லைன் சாக்கெட்டில் சொருகினேன். ஒன்றரை கிலோவாட். அது பி-யிலிருந்து மட்டுமே எடுக்கும்.

"இப்ப பி நம்பர்தான் ஏறணும் சார்."

சுவிட்சைப் போட்டேன். திரையில் பி முப்பத்தெட்டிலேயே நின்றது. ஏ முப்பத்தொன்பதரைக்கு ஏறியது. அணைத்தேன். இறங்கியது.

"மறுபடியும் போடும்மா," என்றார் அரங்கநாதன்.

மூன்று முறை போட்டேன். மூன்றாம் முறை தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. தங்கதுரை அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் ஏ-வைத்தான் எறக்கினேன் சார்," என்றார்.

என் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன். அக்டோபர் படிவத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். இறந்தவர் மீது தவறில்லை என்று எழுதியதை அரங்கநாதன் எனக்குப் படித்துக் காட்டினார்.

பஸ் பிடித்துக் களமருதூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அப்பா வேலை செய்துகொண்டிருந்த தோட்டத்துக்குப் போனேன். வெட்டிய கரும்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன் மேல தப்பு இல்லன்னு எழுதிட்டாங்கப்பா."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். "அப்ப ஆரு தப்பு?"

"தங்கதுரை வேற லைன எறக்கிட்டாரு. அத மெஷின் காட்டியிருக்கணும். காட்டாம போனது என்னால. ஒயர மாத்திக் கட்டுனது நான். கரண்ட் இல்ல, தொறன்னு அண்ணங்கிட்ட சொன்னதும் நான்தாம்பா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "எத்த வெச்சிக் கண்டுபுடிச்சீங்க?"

"வெந்நி வெக்கிற கெட்டில்பா. சொருகிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"எவ்ளோ நேரமாச்சி?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷம்," என்றார். "அன்னிக்கே சொருகிப் பாக்கறதுக்கு இன்னா?"

"தோணலப்பா."

அவர் பாதி கட்டிய கரும்புக் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். கத்தியை எடுத்துக்கொண்டார். "உங்க அம்மாகிட்ட நான் சொல்றேன். நீ இப்ப வராத," என்று சொல்லிவிட்டு வரப்பில் நடந்தார்.

வீடு அங்கிருந்து இரண்டு வயல் தள்ளி. வெட்டிய கரும்புக்கு நடுவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் கேட்டது. முதலில் ஜீவாவின் பெயர். அப்புறம் என் பெயர்.