பௌரோ வீட்டு மழை

பௌரோவின் வீட்டின்மேல் மழை பெய்து பதினோரு வருடமாகிறது. பசிபிக் கடலின் அபையாங் தீவே வெள்ளக்காடானாலும் அவன் கூரையில் ஒரு சொட்டு விழாது. மழை முற்றத்து ஓரம்வரை வந்து, வேலி போட்டதுபோல் நின்றுவிடும். ஊரார் மீனையும் கொப்பரையையும் அங்கேதான் காயப்போடுகிறார்கள். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் வீட்டுக்குள் போவதில்லை, முற்றத்தில் நின்றாலே போதும். கூரை என்னவோ முதல் தரமானதுதான்.

அந்தக் கூரையைத் தேர்ந்தெடுத்தவள் அவன் அக்கா மரேவியா. கடலைப் பார்த்த வீடு அவளுடையது. கிணற்று நீர் உப்புக் கரிக்கும், கூரையிலிருந்து தொட்டிக்கு வழிகிற மழைதான் குடிதண்ணீர். அதனால் தாழை ஓலை, துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, அலுமினியத் தகடு மூன்றிலும் உள்ளங்கையளவு துண்டு எடுத்து, அலைச்சாரல் அடிக்கும் தென்னையில் ஒரு வருடம் அறைந்து வைத்தாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து ஒவ்வொன்றையும் நாக்கால் தொட்டுப் பார்ப்பாள். ஓலை குளுமைதான், ஆனால் அதில் வடிந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. இரும்பு எட்டாம் மாதமே ஆணித்துளையைச் சுற்றிச் சிவந்தது. அலுமினியம் கொஞ்சம் மங்கியதோடு சரி. நான்கு வருடக் கொப்பரைக் காசைத் தம்பியிடம் கொடுத்து, தகடு வாங்கத் தலைநகர் தராவாவுக்கு அனுப்பினாள்.

"ஆணியும் அலுமினியமா இருக்கணும்டா. இரும்பு ஆணி பட்டா தகட்டையே தின்னுடும்."

பௌரோ கப்பலில் வேலை பார்த்தவன், சாமான் தெரிந்தவன். வெள்ளியாய் மின்னிய தகடுகளைக் கொண்டுவந்து அவனே ஏறி அடித்தான். அதே மாதம் தன் வீட்டுக்கும் கூரை போட்டு, பழுப்பு வண்ணம் பூசிக்கொண்டான். "எனக்கு எதுக்குக்கா ஒசத்தி? மட்ட இரும்பே போதும்" என்றான். தம்பியின் நல்ல மனசை மெச்சி அவள் பன்றி அடித்து விருந்து வைத்தாள்.

இரண்டாம் வருடம் அவள் தேநீர் செம்மண் கரைத்ததுபோல் வந்தது. ஏறி நகத்தால் சுரண்டினாள். வெள்ளிப் பூச்சு உரிந்தது, அடியில் இரும்பு பொரிந்து கிடந்தது. இறங்கி நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி வாய் பிளந்து பார்க்க, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, பழுப்பு உதிர்ந்த இடத்தை நக்கினாள். ஒரு வருடம் ஞாயிறுதோறும் பழகிய அலுமினிய ருசி அது.

தகடு போனதைவிட வேறொன்றுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தீவில் சொந்தக்காரர் ஒருவர் எதிரே பாயில் உட்கார்ந்து 'புபுத்தி' என்று கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்ல யாருக்கும் நா எழாது. படகைக் கேட்டாலும் பிள்ளையைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா! குடுக்காம இருக்க எனக்கு வழியாவது இருந்துச்சா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்க உனக்கு என்ன கேடு?"

"ஊரு சிரிக்குமேக்கா. கப்பல்ல சம்பாதிச்சவன் அக்காகிட்ட கூரைக்குக் கையேந்துறான்னு."

"ஏமாத்தினா மட்டும் கௌரவமா?"

மரேவியா அவன் பாயிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"சரி, நான் கேக்குறேன். எனக்கு வெக்கமில்ல. புபுத்தி, தம்பி. உன் கூரை மேலயும் முற்றத்துலயும் விழற மழைய எனக்குக் குடு."

தகட்டைக் கேட்பாள் என்று பயந்திருந்தவனுக்கு உயிர் வந்தது. "இவ்வளவுதானா? எடுத்துக்கக்கா" என்று சிரித்தேவிட்டான்.

அடுத்த மழையிலிருந்து அவள் வீட்டில் இரண்டு பங்கு பெய்தது. ஓட்டைத் தகட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, குளுமைக்குத் தாழை ஓலை வேய்ந்துகொண்டாள். தொட்டியின் மூடியைக் கழற்றினாள். இரண்டு வீட்டு மழையும் நேரே அதில் இறங்குகிறது, தளும்புகிறது.

பௌரோ தினமும் காலையில் இரண்டு வாளியைக் கொண்டுவந்து அவள் படியில் வைக்கிறான். அவள் நிரப்புகிறாள். ஒரு பேச்சும் இல்லாமல் தூக்கிக்கொண்டு போகிறான். உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மழையை அவள் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவனுக்காக அவள் வாசலில் ஒரு பாயை விரித்தே வைத்திருக்கிறாள். யாரும் உட்காராமலே நைந்துபோய், அதை இரண்டு தடவை புதிதாகப் பின்னியாயிற்று.