சிவப்பு விளக்கும் சம்பந்தி மரியாதையும்

என்னைவிட இரண்டு வயது மூத்த லாரி ஒன்று என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், நீண்ட மூக்கு, உருண்டைக் கண்கள். அது ஸ்டார்ட் ஆனால் மூன்று தெரு தள்ளிச் சுவரில் தொங்கும் காலண்டரில் தேதி தானாகக் கிழியும். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் இரண்டு தெரு என்று வைத்துக்கொள்ளலாம்.

குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஊருக்கே காரணம் சொன்ன வாய் இது. அந்த வாய் போன செவ்வாய்க்கிழமை காலையில் அடைத்துப்போனது. பெட்ரோல் போட்டுத் திரும்பும் வழியில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது.

பட்டாணி அளவுச் சிவப்பு விளக்குதான். எனக்கோ சூரியனே இறங்கி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது. எஞ்சினுக்குள் எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். அசட்டையாக ஓட்டினால் மொத்தமும் ஒரே கட்டியாக இறுகிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் உருட்டியே வீடு வந்து சேர்ந்தேன்.

துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமே இல்லாம வர்றீங்களே. போயிடுச்சா?"

"கொஞ்சம் களைப்பா இருக்கு."

"உங்களுக்கா, அதுக்கா?"

மகள் முன்னிலையில் நான் கொடுத்த வாக்கு ஒன்று உண்டு: எஞ்சின் ஓடும்வரை லாரி வீட்டில் இருக்கும், போனால் பழைய இரும்புக்குப் போகும். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். பழைய இரும்பு வியாபாரியிடம் இரண்டே வாக்கியம் பேசினாள்.

"நாலு மணிக்கு வராரு. அதுக்குள்ள நம்பிக்கையான ஆள் யாராவது எஞ்சின் நல்லா இருக்குன்னு சொன்னா, திருப்பி அனுப்பிடறேன். நீங்க சொன்னா செல்லாது."

நம்பிக்கையான ஆள் ஒருவர்தான் இருந்தார். என் மகளின் மாமியார். பஸ் டிப்போவில் எஞ்சின் பிரிவை இருபது வருடம் கட்டி ஆண்டவர். அவர் அதட்டினால் ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸும் வெட்கப்பட்டு ஸ்டார்ட் ஆகும்.

சிக்கல் என்னவென்றால், அவர் சம்பந்தி. ஆறு வருடமாக நாங்கள் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் குறை சொன்னதில்லை. அவர் வீட்டுக் காபியில் உப்பு விழுந்திருந்தால் "புதுசா இருக்கே" என்று குடித்து முடிப்பேன். என்னிடம் கேட்க வேண்டியதை அவர் என் மனைவியிடம்தான் கேட்பார், நான் பக்கத்திலேயே நின்றாலும்.

பதினொரு மணிக்கு வந்தார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் கருவிப் பெட்டி. குனிந்து லாரியின் வயிற்றுப் பக்கம் டார்ச் அடித்தார். ஓரிடத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

முதலில் ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். மேல் கோடு வரை எண்ணெய் இருந்தது. பிறகு சாவியை மட்டும் திருப்பி விளக்கை எரியவிட்டு, எஞ்சின் பக்கவாட்டிலிருந்த பிரஷர் சுவிட்சின் வயரைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. வயரை இரும்பில் தொட்டார். எரிந்தது.

"விளக்கு பொய் சொல்லல சம்பந்தி" என்றார் என் மனைவியிடம். 'விளக்கு' என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருந்ததாக எனக்குப் பட்டது.

சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் குழாயோடு ஒரு பிரஷர் கேஜை முறுக்கி மாட்டினார். பத்தே விநாடி ஓட்டச் சொன்னார். அதற்குள் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். கேஜின் முள் ஏழுக்கு வந்து, எழுந்திருக்க மனமில்லாதவன்போல் அங்கேயே படுத்துக்கொண்டது.

"நாப்பது காட்டணும்" என்றார். "உள்ள பேரிங் தேஞ்சிருந்தா இப்படி இறங்கும். ஆனா தேஞ்சதுன்னா தட்டுற சத்தம் கேக்கும். இது பால் குடிச்ச குழந்தை மாதிரி கிடக்கு." பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார். "அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டியை சமீபத்துல யாராவது கழட்டினாங்களாம்மா?"

"யாரு கழட்டுவா? முதுகு பிடிச்சதிலேருந்து இவர் கீழ படுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. முன்னாடி எண்ணெய் சொட்டிக்கிட்டிருந்தது. அதுவே தானா நின்னுடுச்சு."

"தானாவா?"

"தானாதான்னு இவர்தான் சொன்னாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்படின்னா பேரிங்தான்" என்று சம்பந்தியம்மா பெட்டியை மூடினார். "இந்த வண்டிக்கு அது எங்கயும் கிடைக்காது. நாலு மணிக்கு வர்றவர் வரட்டும்."

பெட்டியின் கொக்கி 'டக்'கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் என் எழுபது வருடமும் ஒரு தடவை குலுங்கியது.

"நான்தான் கழட்டினேன்" என்றேன்.

என் மனைவியின் கையிலிருந்த துணிக் கிளிப்புகள் அசையாமல் நின்றன.

"மூணு வாரம் முன்னாடி. நீ கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப. ஒழுகக்கூடாதுன்னு தொட்டி விளிம்புல இருக்கிற கேஸ்கெட்டுக்குப் பசை வச்சேன்."

"எவ்வளவு பசை?" சம்பந்தியம்மா முதன்முறையாக என்னிடமே கேட்டார்.

"கொஞ்சம்."

"எத்தனை ட்யூப்?"

"மூணு."

"மூணு ட்யூபுல எங்க டிப்போவுக்கே ஒரு வருஷம் ஓட்டுவோமே சம்பந்தி." பெட்டியைத் திரும்பத் திறந்தார். "வந்த உடனே பார்த்துட்டேன். ஓரமெல்லாம் கறுப்பா பிதுங்கி நிக்குது. வெளிய இவ்வளவுன்னா உள்ள எவ்வளவு? சம்பந்தி மறைக்கிறார்னு என் வாயால எப்படிச் சொல்றது? அதான் நீங்களா சொல்ற வரைக்கும் பேரிங் மேல பழியைப் போட்டு இழுத்தடிச்சேன்."

"இன்னும் அஞ்சு நிமிஷம் வாயத் திறக்கலேன்னா?" என்றாள் என் மனைவி.

"பெட்டியைப் பத்துத் தடவை மூடியிருப்பேன்."

எண்ணெயை வடித்து, தொட்டியை இறக்கினோம். எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் பம்பின் வாயில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு ஒரு கம்பிச் சல்லடை. அதன்மேல் பாலாடைபோல் என் பசைத் துண்டு ஒன்று படிந்திருந்தது. அதை விரலால் உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நான்கு டன் ஏற்றும் வண்டியின் மூச்சை அந்த நகத்துண்டு பிடித்து வைத்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, வாரியத்தில் எத்தனை குழாய்களில் இப்படி எது உட்கார்ந்திருந்ததோ, நான் என்னென்ன காரணம் சொன்னேனோ என்று தோன்றியது.

சல்லடையைக் கழுவினார். கார்க் தகட்டிலிருந்து புது கேஸ்கெட்டை வெட்டி, சுண்டுவிரலால் கிரீஸ் தடவினார். பசை ட்யூப் இருக்கிற பக்கம் என்னைப் போகவே விடவில்லை. புது எண்ணெய் ஊற்றும்போது மணி மூன்றே முக்கால்.

"எஞ்சின் மேல் மூடியைக் கழட்டி வச்சிருக்கேன். அப்படியே ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. சீட்டிலிருந்து குதித்து எஞ்சின் பக்கம் ஓடினேன். முதுகு என்று ஒன்று இருந்ததே ஞாபகமில்லை.

மூடியில்லாத எஞ்சினின் உச்சியில், வால்வுகளைத் திறந்து மூடும் பன்னிரண்டு இரும்புக் கைகள் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, உலர்ந்து, சாம்பல் நிறத்தில். முதல் கையின் மூட்டில் ஒரு சொட்டு முளைத்தது. தேன் நிறம். அது பருத்து வழிவதற்குள் இரண்டாவதில் முளைத்தது, மூன்றாவதில். தொட்டியின் அடியிலிருந்து இருட்டான துளைகள் வழியே யாரும் காணாமல் ஏறிவந்த எண்ணெய், பன்னிரண்டு மூட்டுகளிலும் ஊற்றாகப் பொங்கி, கொட்டகைக் கூரையின் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வழிந்தது. இரும்பு ஈரமாகி மினுங்கியது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இது இப்படி நடந்துகொண்டிருக்கிறது. எதையும் பத்து மடங்காக்கும் எனக்கு இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை.

"நாப்பத்திரண்டு" என்றார் சம்பந்தியம்மா, கேஜைப் பார்க்காமல், எண்ணெயைப் பார்த்துக்கொண்டே. பிறகு கேஜைப் பார்த்தார். நாற்பத்திரண்டு.

என் மனைவி எப்போது பக்கத்தில் வந்து குனிந்தாள் என்று தெரியவில்லை. முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் சரிசமமா போகுதே" என்றாள் மெதுவாக.

வாசலில் பழைய இரும்பு வியாபாரியின் வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே வந்து, நாங்கள் பார்க்கிற இடத்தையே எட்டிப் பார்த்தார்.

"இதையா எடுக்கச் சொன்னீங்க, அம்மா?"

என் மனைவி தலையைத் தூக்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."