அடிக்குறிப்பை எடுக்க மாட்டேன்

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தாள் வெண்ணிலா. அவளது ஆய்வேட்டில் காப்பியடித்த பகுதி ஏதும் இருக்கிறதா என்று நூலகத்துக் கணினியில் போட்டுச் சோதித்தபோது மூன்றாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக வந்தது. அத்தனையும் காப்பியாம். எதிலிருந்து என்று பார்த்தாள். அவளுடைய நெறியாளர் வேதசிரோமணி சென்ற ஆண்டு ஓர் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து.

திருத்தித் தரச் சொல்லி அவரிடம் அவள் கொடுத்த அத்தியாயம்தான் அது. அனகாபுத்தூரில் வெள்ளம் புகுந்த வீடுகளில் ஏறி இறங்கி எழுதியது. "கிளியம்மாள் என்னிடம் கூறினார்" என்ற வரியில் அந்த 'என்னிடம்' கூட மாறவில்லை. அதைப் படித்ததும் நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டாள்.

வேதசிரோமணி பதறவில்லை. "இதெல்லாம் ஒரு விஷயமே இல்லம்மா. வாக்கியத்தை மாத்தி எழுதிடுங்க. இல்லன்னா என் கட்டுரையை மேற்கோள் காட்டிடுங்க. சாஃப்ட்வேர் விட்டுடும்."

"நான் எழுதினதை நானே எதுக்கு சார் மாத்தணும்?"

"அப்ப மேற்கோள் காட்டுங்க."

காட்டினாள். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அடிக்குறிப்பு போட்டாள்: 'இவ்வத்தியாயத்தின் பெரும்பகுதி, ஆய்வாளரின் பெயரும் அனுமதியும் இன்றி, முனைவர் வேதசிரோமணியின் கட்டுரையாக முன்பே வெளியாகியுள்ளது.' கட்டுரைத் தலைப்பு, இதழ், பக்க எண் எல்லாம் முறைப்படி.

அந்தக் குறிப்போடு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவர் கையெழுத்துப் போட மறுத்தார்.

"அஞ்சு வருஷ உழைப்பு. ஒரு வரிக்காகத் தூக்கிப் போடப்போறியா?" என்றான் கணவன் மோகன்ராஜ்.

"ஒரு வரியா? ஒரு அத்தியாயமே போயிருக்கு."

ஆய்வுக் குழுவிடம் புகார் கொடுத்தாள். கிளியம்மாளைத் தானே நேரில் சந்தித்ததாகக் குழுவின் முன் சாதித்தார் வேதசிரோமணி. வெண்ணிலா தன் கைபேசியிலிருந்த கிளியம்மாளின் குரல் பதிவை ஓடவிட்டாள்.

"கட்டிலு மேல அடுப்ப வெச்சி சோறாக்கினேன். இன்னா வெண்ணிலா, சிரிக்கிற? வூடு பூரா தண்ணி, வேற எங்க வெக்கிறது?"

கட்டுரையின் முதல் மேற்கோளே கட்டில் மேல் வைத்த அடுப்புதான். குழுத் தலைவி சாவித்ரி கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

அவரே புது நெறியாளரானார். வேதசிரோமணி மேல் விசாரணை என்றார்கள். அது இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறது. நடுவில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "காலேஜ் பேர் கெட்டுடும்மா. அந்தக் குறிப்பை மட்டும் எடுத்துடு."

"என் பேரை எடுத்ததாலதான் சார் இவ்வளவும். எடுக்க மாட்டேன்."

ஓராண்டு தாமதமானாலும் ஆய்வேடு அந்தக் குறிப்போடுதான் போயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் அதை உரக்கப் படித்தார்.

"இது உண்மையாம்மா?"

"உண்மை சார். பின்னாடிதான் உட்கார்ந்திருக்கார், அவரையே கேளுங்க."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. வேதசிரோமணி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பேராசிரியர் அவரைக் கேட்கவுமில்லை. அடுத்த அத்தியாயத்துக்குப் பக்கத்தைத் திருப்பி அதிலிருந்து ஒரு கேள்வி போட்டார். வெண்ணிலா கணீரென்று பதில் சொல்லத் தொடங்கினாள்.