பாராட்டு விழாவுக்கு ஒரு நாள் லீவு

விழாவுக்கு அம்மா வரமாட்டாள் என்றுதான் மாரிசெல்வி நினைத்திருந்தாள். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில், ஊர்க்காரர்கள் சொல்கிற 'ஆபீஸ்'களில், சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமைகூட விடியுமுன் வேன் வந்து ஹாரன் அடித்தது. இதில் புதன்கிழமை லீவு என்று கேட்டால் யார் தருவார்கள்?

ஆனாலும் அம்மா சண்முகத்தாய் கேட்டுப் பார்த்தாள். போர்மேன் சிரித்தான்.

"ஒம் மக கலெக்டர் ஆகட்டும், அன்னைக்குத் தாரேன். பந்தடிச்சதுக்கெல்லாம் லீவா?"

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த அப்பாவும் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். பாராட்டு விழாவில் பெற்றவர்களுக்கென்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்பார்கள், அதில் இரண்டு காலியாக இருக்கும். அவ்வளவுதானே என்று மாரிசெல்வி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் அது சின்ன விஷயமில்லை. விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரி, அகில இந்தியக் கல்லூரி டென்னிஸ் போட்டியில் புவனேஸ்வரம் வரை போய்க் கோப்பையோடு திரும்பியிருந்தது. அணியில் நான்கே பேர். கேப்டன் ஹாதியா, பருப்புக் கடை அப்துல் ஹக்கீமின் மகள். அப்புறம் சனா, யோகலட்சுமி, மாரிசெல்வி. பள்ளியில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த மாரிசெல்வியின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுத்தவர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை வீரலட்சுமி. இரண்டே வருடத்தில் இரட்டையர் ஆட்டத்தில் ஹாதியாவுக்குச் சரிசமமாக நிற்க ஆரம்பித்துவிட்டாள்.

விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் பக்கத்துத் தெருக் கருப்பம்மாள் வந்தாள். அவளும் அதே ஆபீஸில்தான் வேலை. வெடிகளைத் திரியோடு சேர்த்துச் சரமாகப் பின்னும் ஷெட்டில் சண்முகத்தாய், பேக்கிங் ஷெட்டில் அவள். வாசலில் நின்றபடியே சத்தம் போட்டாள்.

"ஏ சம்முவம், நாளைக்கு நீ போற. போர்மேன்கிட்டப் பேசிட்டேன்."

"என்னத்தப் பேசுன?"

"ஒன் எடத்துல நான் உக்காந்து சரம் பின்னுதேன்னு சொல்லிட்டேன். கல்யாணமாகி வந்த புதுசுல நானும் பின்னுனவதான? கை மறந்தா போயிரும்? லோடு நிக்கக்கூடாதுன்னான். நிக்காதுன்னேன். சரின்னுட்டான்."

சண்முகத்தாய் தயங்கினாள். கருப்பம்மாள் விடவில்லை.

"இந்தா, புள்ள ஊர் பேர் தெரியாத எடத்துக்கெல்லாம் போயி ஜெயிச்சிட்டு வந்திருக்கா. நாலு பேரு முன்னால மாலை போடப்போறாக. ஆத்தாக்காரி சரம் பின்னிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? போயிட்டு வந்து என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும், அம்புட்டுத்தான்."

மறுநாள் காலையில் சண்முகத்தாய் பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, மகளோடு பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். பகல் பத்து மணிக்கு வெளியே எப்படியிருக்கும் என்று பார்த்தே ரொம்ப நாளாயிற்று என்று சொன்னபோது மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்தது; அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நான்கு பெண்களும் கோப்பையைப் பிடித்திருக்கும் படம் ஆளுயர பிளெக்ஸில். சண்முகத்தாய் அதன் முன்னால் நின்று, படத்தில் இருந்த மகளையும் பக்கத்தில் நின்ற மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மேளம் வந்திருந்தது. சிறப்பு விருந்தினர் வந்ததும் வெடிக்க என்று பத்தாயிரம் வாலா ஒன்றை வாசலில் இருந்து மைதானம் வரை விரித்து வைத்திருந்தார்கள்.

அரங்கில் முன்வரிசையில் ஹாதியாவின் அத்தா அப்துல் ஹக்கீம் எழுந்து இடம் விட்டார். "வாங்கம்மா, இங்கன உக்காருங்க. நம்ம புள்ளைக ரெண்டும் ஒண்ணா ஆடுறதுக. நாம தனித்தனியா உக்காரலாமா?"

சண்முகத்தாய் சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற மாரிசெல்வி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அம்மாவின் பட்டன் போன் அடித்ததையும், அம்மா அதைக் காதில் வைத்ததையும், முகம் மாறியதையும் முதலில் பார்த்தது அவள்தான்.

ஓடிப்போய்ப் போனை வாங்கினாள். அம்மாவோடு வேலை செய்யும் வேலுத்தாயின் குரல்.

"சம்முவம்... நீதானா பேசுற? நெசமா நீதானா? ஒன் எடத்துலல்ல செவுரு விழுந்து கெடக்கு. அங்கன உக்காந்திருந்தது யாரு?"

வெடிமருந்து கலக்கும் அறை வெடித்துவிட்டது. அதன் சுவருக்கு இந்தப் பக்கம்தான் சரம் பின்னும் ஷெட். சுவரை ஒட்டிய முதல் இடம், பதினோரு வருடமாகச் சண்முகத்தாய் உட்காரும் இடம்.

அதற்குள் அரங்கில் ஒவ்வொரு போனாக அடிக்கத் தொடங்கிவிட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பட்டாசு ஆபீஸில் இருந்தார்கள். எந்த ஆபீஸ் என்று தெரியும்வரை யாருக்கும் உயிர் உயிராக இல்லை. மேளக்காரர்கள் தாங்களாகவே மேளத்தைக் கீழே இறக்கி வைத்தார்கள். கல்லூரி முதல்வர் மைக்கைப் பிடித்து, விழா இன்றைக்கு இல்லை, பிள்ளைகள் வீட்டுக்குப் போன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்துல் ஹக்கீம் கடை வேனை எடுத்தார். காயம்பட்டவர்களைக் கொண்டுபோயிருந்த சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்கு நேரே விட்டார்.

தீக்காய வார்டு வாசலில் கருப்பம்மாளின் புருஷன் சோலைச்சாமி தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பட்டுச்சேலையோடு வந்து நின்ற சண்முகத்தாயை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் தலையில் பூ இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. வெடுக்கென்று பிய்த்துக் கையில் கசக்கிக்கொண்டாள்.

"நீ இருக்கியா தாயி," என்றார் அவர். குற்றம் சொல்வதுபோல இல்லை. உண்மையாகவே அதைத்தான் கேட்டார். "கை ரெண்டும், களுத்தும்னு சொன்னாக. உசுருக்குப் பயமில்லையாம். உள்ள விட மாட்டேங்காக."

மருந்து அறையில் இருந்த இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். சரம் பின்னுகிற ஷெட்டில் எல்லோருக்கும் காயம். அதில் பெருங்காயம் கருப்பம்மாளுக்கு.

அன்றிலிருந்து சண்முகத்தாய் பேச்சைக் குறைத்துவிட்டாள். ஆபீஸுக்குச் சீல் வைத்துவிட்டதால் வேலையும் இல்லை. காலையில் சோறு ஆக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் போவாள். சோலைச்சாமியிடம் கொடுத்துவிட்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். பார்க்க விட்ட பிறகும் உள்ளே போகவில்லை. ஒருநாள் ராச்சோறு சாப்பிடும்போது மாரிசெல்வி கேட்டேவிட்டாள்.

"எம்மா, கருப்பம்மா பெரியம்மாவ ஏன் பாக்க மாட்டேங்க?"

"என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்க? நான் உக்காந்திருக்க வேண்டிய எடம்டி அது."

நான் ஜெயிக்காமல் இருந்திருந்தால் விழாவே இருந்திருக்காது என்று மாரிசெல்வியும் தினம் தினம் நினைத்துக்கொண்டுதானே இருந்தாள்? அம்மா அந்த இடத்தில் இருந்திருப்பாள் என்று நினைப்பு அடுத்த அடி எடுத்து வைக்கும்போது பயந்துபோய் அதை அங்கேயே நிறுத்திவிடுவாள். மட்டையைத் தொட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. விழாவுக்கு வேறு தேதி பார்க்கிறார்கள் என்று வீரலட்சுமி டீச்சர் போன் செய்தபோது, "எனக்கு வேண்டாம் மேடம்," என்றாள். டீச்சர் வற்புறுத்தவில்லை. சரி என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாதியா வந்து இறங்கினாள், சனாவையும் யோகலட்சுமியையும் கூட்டிக்கொண்டு. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். விழாவைப் பற்றி மூன்று பேருமே பேச்செடுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா," என்றாள் ஹாதியா. பிறகு சண்முகத்தாயைப் பார்த்து, "நீங்களும் வாங்கம்மா. இன்னைக்கு நாங்க கூட இருக்கோம்ல," என்றாள்.

கருப்பம்மாளைப் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். இரண்டு கையிலும் கட்டு. கழுத்திலும் ஒரு காதைச் சுற்றியும் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. கதவோரம் ஒதுங்கி நின்ற சண்முகத்தாயைத்தான் முதலில் பார்த்தாள்.

"வந்துட்டாளா? எத்தனை நாளா வாசல்ல உக்காந்து காவல் காக்குறா தெரியுமா, வாட்ச்மேன் மாதிரி! இங்கன வாடி."

சண்முகத்தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அளுவாத. எனக்கு எரியுது, நானே அளுவல." சற்று நேரம் விட்டுக் கேட்டாள். "ஏன், மாலை போட்டாகளா? என்ன சொன்னாக?"

"விழா நடக்கல பெரியம்மா," என்றாள் மாரிசெல்வி.

கருப்பம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நடக்கலயா? அப்ப எதுக்குடி உங்காத்தாள நான் அனுப்பி வச்சேன்? சரி போகட்டும். ஜெயிச்ச கதையாவது சொல்லு. அதாவது நடந்துச்சா இல்லையா?"

அப்படித்தான் மாரிசெல்வி அந்த வார்டில் நின்றுகொண்டு இறுதிப்போட்டியைச் சொல்லவேண்டி வந்தது. முதல் ஒற்றையர் ஆட்டத்தில் ஹாதியா தோற்றது. இரண்டாவதில் சனா ஜெயித்துச் சமன் செய்தது. கடைசியாக இரட்டையர். பக்கத்துக் கட்டில்காரிகள் இரண்டு பேர் திரும்பிப் படுத்தார்கள். எதிர்க்கட்டில் பாட்டி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"பதினஞ்சு, முப்பது, நாப்பதுன்னு எண்ணுவாக பெரியம்மா."

"முப்பதுக்குப் பொறவு நாப்பத்தஞ்சுல்ல வரணும்? அஞ்சு எங்கன போச்சு? கொறச்சு எண்ணுற நம்ம போர்மேன்தான் அங்கயும் எண்ணுதானா?"

வார்டே சிரித்தது. நர்ஸ் வந்து அதட்டிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். ஹாதியா ஒரு டம்ளரைப் பந்து என்று வைத்துக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே அங்குமிங்கும் நகர்ந்து காட்டினாள். மூன்றாவது செட்டும் சமமாகி, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்கிற இடத்துக்குக் கதை வந்தது.

"அந்தப் புள்ள பந்த ஓங்கித் தூக்கி அடிச்சுட்டா. கண்ணுக்கு நேரா வெயிலு. ஹாதியா 'விடு'ன்னு கத்துறா. எனக்கு விட மனசில்ல. வீசுனேன். மட்டையோட வெளிச்சட்டத்துல பட்டுச்சு. நான் நெனச்ச அடியே இல்ல அது. பந்து வலை மேல உக்காந்து, அந்தப் பக்கமா விழுந்துருச்சு." அவள் குரல் தணிந்தது. "இந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம், பெரியம்மா."

"விழலைல்ல?" என்றாள் கருப்பம்மாள். "பொறவு என்ன?"

அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் கேட்டாள்.

"தோத்த புள்ளைக அளுதுச்சுகளா?"

"ஒரு புள்ள கோர்ட்டுலயே உக்காந்துட்டாம்மா. ஹாதியாதான் வலையைத் தாண்டிப் போயித் தூக்கிவிட்டா."

சண்முகத்தாய் ஹாதியாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து தூக்குவாளியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, கருப்பம்மாளுக்கு ஊட்ட ஆரம்பித்தாள். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் கருப்பம்மாள் அவள் கையால் சாப்பிட்டாள். "உப்பு பத்தல," என்று குறையும் சொன்னாள்.

விழா தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு நடந்தது. மேளம் இல்லை, வெடி இல்லை. எல்லோரும் எழுந்து நின்று இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்திவிட்டு, அதன் பிறகுதான் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு கேடயம். பெற்றவர்கள் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று முதல்வர் சொன்னதும், அப்துல் ஹக்கீம் மைக்கைத் தான் வாங்காமல் சண்முகத்தாயிடம் கொடுத்துவிட்டார்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. கருப்பம்மா அனுப்பி வச்சா, வந்தேன். எம்புள்ளையும் மத்த புள்ளைகளும் ஜெயிச்சதுல எனக்குச் சந்தோசம். அவ வந்து கேப்பா, அதனால நல்லாப் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு உண்மையாகவே அரங்கத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தட்டினார்கள், வெகுநேரம்.

கருப்பம்மாள் கார்த்திகையில் வீடு திரும்பினாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனிப் பட்டாசு வேலைக்குப் போகமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சண்முகத்தாய் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்தாள். வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் இருக்கமுடியும்?

அடுத்த வருடம் அணி மறுபடி வடக்கே போனது. அரையிறுதியோடு திரும்பவேண்டியதாயிற்று. ஆட்டம் முடிந்து மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து மாரிசெல்வி முதல் போனைக் கருப்பம்மாளுக்குத்தான் போட்டாள்.

"தோத்துட்டோம் பெரியம்மா."

அந்தப் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"தோத்தா என்ன? எப்படித் தோத்தீக? மொதல்ல இருந்து சொல்லு."